கரட்டுக்காட்டில் கல் போட்டது யார்

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். குழி வெட்டுவது, மண்ணை நனைத்து விரலில் உருட்டிப் பார்ப்பது, நிறத்துக்குப் பெயர் வைப்பது எல்லாம் உங்களுக்குச் சொல்லித் தந்திருப்பார்கள். அதையெல்லாம் நான் திரும்பச் சொன்னால் கொட்டாவி விடுவீர்கள். நான் சொல்ல வந்தது வேறு. மண் ஆய்வு வேலையில் பொய் சொல்லி மாட்டிக்கொண்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. உண்மையைச் சொல்லி மாட்டிக்கொண்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மண் செய்கிற சில காரியங்கள் வெளியே சொன்னால் பைத்தியக்காரன் பேச்சு மாதிரி இருக்கும். அதை எப்படிச் சொல்வது என்று எந்த வகுப்பிலும் பாடம் கிடையாது. எனக்கு அந்தப் பாடத்தை நடத்தியவர் முனியப்பன். அவர் மண் விஞ்ஞானி இல்லை. ஒரு கல்லைத் தூக்க முடியாமல் போனவர், அவ்வளவுதான்.

தருமபுரி தனி மாவட்டமாகிக் கொஞ்ச காலமே ஆகியிருந்தது. கடத்தூரைத் தாண்டி சித்தேரி மலைப் பக்கம் போகும் வழியில் ஓர் ஊர். பெயர் வேண்டாம். அந்த ஊர்க்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள், இந்தக் கதையை என்னைவிட நன்றாகவே சொல்வார்கள். ஊரை ஒட்டி ஒரு மேய்ச்சல் புறம்போக்கு. கரட்டுக்காடு என்பார்கள். சுற்று வட்டாரம் முழுக்கச் செம்மண், இந்த ஒரு பட்டை மட்டும் கறுப்பு. அடியில் கிடந்த பாறைதான் காரணம். யாரும் நினைத்துப் பார்க்க முடியாத காலத்தில் பூமிக்குள் இருந்து நெருப்புக் குழம்பு வெடிப்புகளின் வழியே ஏறி வந்து, ஆறி, இறுகி, கறுப்புக் கல்லாக நீளப் படுத்திருக்கிறது. நாம் டோலரைட் என்று எழுதுகிறோம். எரிமலை கக்கிய கல்லுக்கு இது பங்காளி முறை. இந்தக் கல் மக்கி உண்டான மண்ணுக்கும் பங்காளிகளின் குணம்தான். கோடையில் விலகிக்கொள்ளும், மழையில் நெருக்கித் தள்ளும்.

நான் முதல் தடவை அங்கே போனது மழைக்காலத்தில். ஜீப் ஓட்டியவர் ரஹீம் பாய். தருமபுரிக்காரர். அவருடைய அப்பாவும் அண்ணனும் பூட்டு, சாவி ரிப்பேர் கடை வைத்திருந்தார்கள். இவர் மட்டும் சர்க்கார் ஜீப்புக்கு வந்துவிட்டார். அவரிடம் சொந்தமாக ஒரு மண் வகைப்பாடு இருந்தது. "சார், மொத்தம் மூணு மண்ணுதான். ஜீப்பு மாட்டாத மண்ணு, மாட்டுற மண்ணு, வேலையை விட்டுடலாம்னு தோணுற மண்ணு." கரட்டுக்காடு மூன்றாவது வகை என்று அன்றைக்கே தீர்மானமாகிவிட்டது. சக்கரம் அச்சு வரை இறங்கியது. நான் தள்ள இறங்கினேன். ஒரு செருப்பை மண் வாங்கிக்கொண்டது, திருப்பித் தரவில்லை.

அப்போது உதவிக்கு வந்தவர் மாராயி. நாற்பது வயதுப் பெண். பத்துப் பதினைந்து ஆடும் இரண்டு கறவை மாடும் வைத்திருந்தார். ஊரில் யாருக்கு என்ன பேச வேண்டியிருந்தாலும் அவரைத்தான் முன்னால் அனுப்புவார்கள். ஜீப்பை இழுக்க அவர் கூட்டி வந்த ஆட்களில் ஒருவர்தான் முனியப்பன். ஒல்லியான மனிதர். கயிற்றின் கடைசியில் நின்று, இழுத்தவர்கள் எல்லோரையும்விட அதிகமாகச் சத்தம் கொடுத்தார். யார் எந்த ஒத்தாசை கேட்டாலும் அவருக்கு இல்லை என்று சொல்ல வராது. இது அவரைப் பற்றி ஊரே சொன்ன விஷயம். பிறகு இந்தக் குணம்தான் எல்லாவற்றுக்கும் காரணமானது.

"சாரு எந்த டிபார்ட்டுமென்ட்டுங்க?" என்று கேட்டார் மாராயி.

"மண்ணு பார்க்கிற டிபார்ட்மென்ட்."

அவர் என் வெறுங்காலைப் பார்த்தார். "நல்லாத்தான் பாத்துக்கிட்டு இருக்கிறீங்க." அன்றிலிருந்து அந்த ஊரில் நான் மண்ணு சார்.

அந்தக் காடு எப்படி இருந்தது என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. காடு முழுக்கக் கறுப்புக் கற்கள். தேங்காய் அளவு, பூசணிக்காய் அளவு, இரண்டு கல்லுக்கு நடுவே கால் வைக்க இடம் தேட வேண்டும். பார்த்தால் எதற்கும் உதவாத பூமி என்று தோன்றும். ஆனால் குனிந்து பார்த்தால் ஒவ்வொரு கல்லின் ஓரத்திலும் கொழுக்கட்டைப் புல் கொத்தாக நிற்கும். கல் வெயிலை வாங்கிக்கொள்ளும், அடியில் ஈரம் தங்கும், கல்மேல் விழுந்த மழை ஓரத்தில் வழிந்து வேருக்கு இறங்கும். மாடுகள் கல்லைச் சுற்றி நாக்கை வளைத்து மேய்ந்துகொண்டு போகும்.

அதன்பிறகு என்னை அரூர் பக்கம் வேறு வேலைக்கு மாற்றிவிட்டார்கள். நான் இல்லாத சமயத்தில்தான் ஸ்பெஷல் ஆபீசர் அந்த ஊருக்கு வந்தார்.

மேய்ச்சல் நிலங்களை மேம்படுத்தச் சிறப்பு அதிகாரியாக வந்தவர். நேர்மையானவர், உழைப்பாளி. அவரைப் பற்றித் தப்பாகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. ஆனால் எதுவும் கோணலாக இருந்தால் அவருக்குத் தாங்காது. அடுத்தவர் ஆபீசுக்குள் நுழைந்ததும் சுவரில் சாய்ந்திருக்கும் காலண்டரை நேராக்கிவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவார். அப்படிப்பட்டவர் கண்ணில் கரட்டுக்காடு பட்டால் என்ன ஆகும்? கல்லையெல்லாம் பொறுக்கி எடுக்க உத்தரவு போட்டார். ஊர்ச்சனம்தான் பொறுக்கியது. "இந்தக் கல்லு இருந்துட்டுப் போவுதுங்க" என்று மாராயி சொல்லிப் பார்த்திருக்கிறார். எடுபடவில்லை. பொறுக்கிய கல்லை எல்லையில் சுவராக அடுக்கி, சுவருக்குச் சுண்ணாம்பும் அடித்தார்கள். காட்டின் நடுவில் சின்னதாக ஒரு சிமென்ட் மேடை கட்டி, மேம்படுத்தப்பட்ட மேய்ச்சல் நிலம் என்று பொறித்து, கீழே ஸ்பெஷல் ஆபீசரின் பெயரோடு ஒரு கல்வெட்டையும் பதித்தார்கள். அதை வண்டியிலிருந்து இறக்கி வைக்க ஊரிலிருந்த ஆண்கள் அத்தனை பேரும் கை கொடுத்தார்களாம்.

இரண்டு மழைக்காலம் போயிற்று. அடுத்த கோடையில் தன் மேய்ச்சல் நிலம் எப்படி இருக்கிறது என்று பார்க்க ஸ்பெஷல் ஆபீசர் கிளம்பினார். மண் ஆய்வு ஆள் ஒருவரும் கூட வர வேண்டும் என்றதால் நான் ஜீப்பில் ஏறினேன். ஓட்டியவர் ரஹீம் பாய்தான்.

காட்டு ஓரத்தில் இறங்கியதும் ஸ்பெஷல் ஆபீசர் அப்படியே நின்றுவிட்டார். காடு முழுக்கக் கல். முன்பு இருந்ததில் பாதிகூட இருக்காது, ஆனாலும் கல். நடுவே புல்லில்லாத இடங்களில் மண் கை நுழையும் அகலத்துக்கு வெடித்துக் கிடந்தது. எல்லையில் வெள்ளைச் சுவர் ஒரு கல் குறையாமல் நின்றது. அதை அவர் அப்போது கவனிக்கவில்லை. கூட்டம் கூடிவிட்டது.

"இதெல்லாம் யார் போட்டது?"

மாராயி முன்னால் வந்தார். "யாரும் போடலீங்க. அதுவா வந்துச்சிங்க."

"கல்லுக்குக் கால் இருக்கா?"

"கால் இருக்குதான்னு எனக்குத் தெரியாதுங்க. ஆனா வந்துச்சிங்க."

நான் குறுக்கே பேசினேன். "சார், இந்த மண்ணுக்கு அப்படி ஒரு குணம் உண்டு. கல்லைத் தானாக மேலே தள்ளும்."

ஸ்பெஷல் ஆபீசர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை. பரிவோடு பார்த்தார். "வெயில் அதிகமா இருக்கு. கொஞ்சம் தண்ணி குடிங்க" என்றார். கூட்டத்தில் நாலைந்து பேர் சிரித்தார்கள். எனக்கு உள்ளங்கால் வரை கூசியது.

அவர் முடிவுக்கு வந்துவிட்டார். கல் பொறுக்கும்போதே முணுமுணுத்த ஊர், பிடிக்காமல் திரும்பப் போட்டிருக்கிறது. அவர் நிலையில் நானிருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். "நான் கடத்தூர் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவேன். அதற்குள் போட்டவன் யார் என்று என் முன்னால் வந்தாக வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கே முள்கம்பி போட்டு இந்தக் காட்டை மூடிவிடுவேன். ஒரு ஆடு உள்ளே வரக் கூடாது" என்றார். விசாரித்து வைக்கச் சொல்லி என்னை அங்கேயே விட்டுவிட்டு ஜீப்பில் ஏறினார். ரஹீம் பாய் கிளம்பும்போது எனக்குத் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிட்டுப் போனார். அதை அவர் உதவியாகச் செய்தாரா, கிண்டலாகச் செய்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கோடை நடுவில் மேய்ச்சல் காட்டை மூடுவது என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்துச் செம்மண் காடெல்லாம் காய்ந்து கிடந்தது. மலைப் பக்கம் ஓட்டினால் காட்டிலாகா ஆட்கள் பிடிப்பார்கள். மிச்சம் இருப்பது சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போய் வந்த விலைக்குத் தள்ளுவது. அந்த ஊரில் சோறு என்பதே பாதி பாலிலிருந்து வந்தது. எல்லோரும் காட்டு ஓரத்தில் இருந்த ஒரு வேப்பமரத்து நிழலில் போய் உட்கார்ந்தார்கள்.

பிறகு மாராயி சொன்னார். "அவருக்கு ஒரு ஆளு வேணும். குடுத்துடலாம்."

அடுத்த அரை மணி நேரம் அந்த மரத்தடியில் நடந்ததை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. செய்யாத குற்றத்துக்கு ஆள் தேர்வு. ஒருவர் மகளுக்குக் கல்யாணம் பேசியிருந்தார், கேஸ் என்று வந்தால் சம்பந்தம் போய்விடும். ஒருவர் ஏற்கெனவே மரம் வெட்டிய கேஸில் இருந்தார், "ரெண்டு கேஸு தாங்காதுங்க" என்றார். மூன்றாவது ஆளைப் பார்த்து, "இவன் மொகத்தப் பாத்தா நெஜமாவே போட்டவன் மாதிரி இருக்கும், ஜெயிலு ஆயிடும்" என்று மாராயியே தள்ளிவிட்டார். கடைசியில் எல்லோரும் முனியப்பனைப் பார்த்தார்கள்.

"செரிங்க" என்றார் முனியப்பன். "எத்தன கல்லுன்னு மட்டும் சொல்லிக் குடுங்க."

மாராயி என் பக்கம் திரும்பினார். "மண்ணு சார் நீங்க ஒண்ணும் பொய் சொல்ல வேணாங்க. வாயத் தொறக்காம இருந்தாப் போதும்."

யோசித்துப் பாருங்கள். அதைவிட வசதியான வழி எனக்கு எங்கே கிடைக்கும்? அதிகாரிக்கு ஆள் கிடைத்துவிடும். ஊருக்குக் காடு கிடைத்துவிடும். முனியப்பனை அதட்டி, எழுதி வாங்கி, விட்டுவிடுவார். எனக்கும் வெயில் தலைக்கேறியவன் என்ற பட்டத்தோடு போயிற்று.

நான் எழுந்து காட்டுக்குள் நடந்தேன். ஒரு செவலைப் பசு கல் கல்லாகச் சுற்றி மேய்ந்துகொண்டு போனது. கல் ஓரத்தில் புல். கல் திரும்ப வராத இடத்தில் வெறும் வெடிப்பு. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தக் கல்லை மனிதன் போட்டான் என்று இன்றைக்கு முடிவானால், மனிதனைக் கொண்டு திரும்ப எடுக்கச் சொல்வார். அடுத்த தடவை கல் மேலே வந்தால் அடுத்த முனியப்பன். இப்படி நாலைந்து தடவை துடைத்தால் புல்லே இருக்காது. முள்கம்பி போடாமலேயே காடு மூடிப்போகும்.

திரும்பி வந்து மாராயியிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க சொல்றது அடுத்த வருசத்துக் கவலைங்க. எங்களுக்கு இன்னிக்குச் சாயங்காலம் பால் கறக்கணும்."

அந்த நேரத்தில்தான் இன்னொன்றைக் கவனித்தேன். காட்டு நடுவில் கல்வெட்டு இருந்த இடத்தைச் சுற்றிச் சிலர் வரிசையாக நின்றார்கள். வெயிலில், காரணமே இல்லாமல், தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். கிட்டப் போய் அவர்கள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தேன். பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு வந்து மரத்தடியில் உட்கார்ந்தேன்.

"அதை வேற பாத்துட்டார்னா எங்க கத முடிஞ்சிது" என்றார் மாராயி, தாழ்ந்த குரலில்.

வாயைத் திறக்காமல் இருப்பதாகத்தானே பேச்சு. ஆனால் அதற்குள் நான் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். நான் வாதாடப் போவதில்லை. வாதாடினால் மறுபடி தண்ணீர் பாட்டில்தான் வரும். அவர் கண்ணால் பார்க்கட்டும்.

ஜீப் வந்தது. முனியப்பன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்து நின்றார்.

"நீதானா?" என்றார் ஸ்பெஷல் ஆபீசர்.

"ஆமாங்க."

"எல்லாக் கல்லையுமா?"

"எல்லாத்தையுங்க."

"கூட யார் யார்?"

"யாருமில்லீங்க. நான் ஒருத்தனாத்தாங்க போட்டேன்."

ஸ்பெஷல் ஆபீசர் காட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒருமுறை பார்த்தார். பிறகு முனியப்பனின் கையைப் பார்த்தார். "எதுக்குப் போட்டே?"

இந்தக் கேள்விக்கு மரத்தடியில் யாரும் பதில் தயார் செய்திருக்கவில்லை. முனியப்பன் மாராயியைப் பார்த்தார். மாராயி வானத்தைப் பார்த்தார்.

"காலியா இருந்துச்சிங்க" என்றார் முனியப்பன்.

ரஹீம் பாய் ஜீப்பின் பின்பக்கம் போய் டயரைப் பார்ப்பது போல உட்கார்ந்துகொண்டார்.

"சரி. போட்டவனே எடு. இப்ப, என் முன்னாலயே." ஸ்பெஷல் ஆபீசர் கைத்தடியால் ஒரு கல்லைக் காட்டினார். வெளியே தெரிந்தது ஒரு தேங்காய் அளவுதான். முனியப்பன் குனிந்து இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். அசையவில்லை. உட்கார்ந்து, காலை ஊன்றி இழுத்தார். கல்லுக்குப் பதிலாக அவர்தான் நகர்ந்தார். இன்னும் இரண்டு பேர் வந்து பிடித்தார்கள். முனியப்பன் பழைய மாதிரியே எல்லோரையும்விட அதிகமாகச் சத்தம் கொடுத்தார். கல் இருந்த இடத்திலேயே இருந்தது. கடைசியில் ரஹீம் பாய் கடப்பாரையோடு வந்தார். ஓரத்து மண்ணைத் தோண்டத் தோண்டக் கல் பெருத்துக்கொண்டே போனது. வெளியே எடுத்துப் போட்டபோது ஓர் ஆட்டுக்கல் அளவு இருந்தது. அடிப்பாகம் முழுக்க வெள்ளையாகச் சுண்ணாம்புப் பொருக்கு, அதில் புல்வேர் பின்னிப் பிடித்திருந்தது.

"இதை எப்படிடா புதைச்சே?"

முனியப்பன் மூச்சு வாங்கிக்கொண்டு அந்தக் கல்லை நன்றாகப் பார்த்தார். "அதாங்க எனக்கும் தெரியல."

நான் பையிலிருந்து ஆசிட் பாட்டிலை எடுத்து அந்த வெள்ளைப் பொருக்கில் ஒரு சொட்டு விட்டேன். சோடா மாதிரி பொங்கியது. "சார், இந்தச் சுண்ணாம்பு மண்ணுக்குள்ளேயே ஊறி ஊறிக் கல்லில் படிந்தது. இப்படிப் படிய நம் ஆயுசு போதாது" என்றேன். அத்தோடு நிறுத்திக்கொண்டேன். அந்த இடத்தில் இன்னும் பேச வேண்டும் என்று நாக்கு துடிக்கும். துடிக்கட்டும், விடுங்கள்.

அவர் கைத்தடி நுனியால் பொருக்கைச் சுரண்டிப் பார்த்தார். பிறகு, "ஒரு கல் முன்னாடியே உள்ளே இருந்திருக்கலாம். எல்லாமும் அப்படி என்று எப்படிச் சொல்வது?" என்றார். நியாயமான கேள்வி. "நின்னது போதும் சார். அந்த மேடையில உட்கார்ந்து பேசலாம்" என்று கல்வெட்டுப் பக்கம் நடந்தேன்.

வரிசையாக நின்றவர்கள் நகரவில்லை. மாராயி ஓடி வந்தார். "அங்க வேணாங்க சார். அங்க பாம்பு இருக்குது."

"பாம்பு இருக்கிற இடத்தில் இத்தனை பேர் ஏன் நிற்கிறீங்க?" என்று கேட்டார் ஸ்பெஷல் ஆபீசர்.

வரிசை மெல்ல விலகியது.

சிமென்ட் மேடை ஒரு பக்கம் நாலு விரல் உயரம் தூக்கிக்கொண்டு நின்றது. மறுபக்கம் மண்ணுக்குள் இறங்கியிருந்தது. நடுவில் ஒரு வெடிப்பு. மேலே கல்வெட்டு சரிந்து, அதிலிருந்த எழுத்துகள் பள்ளத்தை நோக்கி இறங்கின. எல்லாவற்றுக்கும் கீழே அவருடைய பெயர், ஏறக்குறைய மண்ணைத் தொட்டுக்கொண்டிருந்தது. காலண்டர் சாய்ந்திருந்தாலே தாங்காத மனிதர், தன் பெயரைப் படிக்கத் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அவரைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

"இதை யார் தூக்கினது?" என்று கேட்டார். குரல் மெதுவாகத்தான் வந்தது.

இப்படி ஒரு கேள்வி கேட்ட மனிதரைப் பதிலில்லாமல் நிற்க வைப்பது முனியப்பனுக்குப் பொறுக்கவில்லை போலிருக்கிறது. பின்னாலிருந்து முன்னால் வந்தார்.

"அதுவும் நான்தாங்க."

ஸ்பெஷல் ஆபீசர் திரும்பி முனியப்பனைப் பார்த்தார். வேர்த்து, மண்ணப்பி, தேங்காய் அளவுக் கல்லை அசைக்க முடியாமல் இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த முனியப்பனை. "ஏம்பா, இதை இறக்கி வைக்க எத்தனை பேர் வந்தாங்க?"

"ஊரே வந்துச்சிங்க."

முதலில் ஸ்பெஷல் ஆபீசரின் தோள் குலுங்கியது. பிறகு பக்கத்திலிருந்த ஒரு கல்மேல் உட்கார்ந்துவிட்டார். கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். ரஹீம் பாய் இனி அடக்க வேண்டியதில்லை என்று தெரிந்துகொண்டு சத்தமாகச் சிரித்தார். மாராயி மட்டும் சிரிக்கவில்லை. காடு மூடப்படுமா, மூடப்படாதா என்று அவருக்கு இன்னும் தெரியவில்லை.

சிரித்து முடித்ததும் ஸ்பெஷல் ஆபீசரே என்னிடம் கேட்டார். "இப்ப சொல்லுங்க. எப்படி வருது?"

பாருங்கள், காலையில் நானாகச் சொன்னேன், தண்ணீர் கொடுத்தார். இப்போது அவராகக் கேட்டார். விஷயம் ஒன்றுதான். சொன்னேன். கோடையில் இந்த மண் சுருங்கி வெடிக்கும். வெடிப்புக்குள் மேல்மண்ணும் சாணித்தூளும் ஆட்டுப் புழுக்கையும் விழுந்து நிரம்பும். மழை வந்ததும் மண் ஊதும். ஊதப் பழைய இடம் இருக்காது, அங்கே வேறு சரக்கு ஏறி உட்கார்ந்துவிட்டது. பக்கவாட்டில் போக முடியாமல் மேலே தள்ளும், அதோடு கல்லும் ஏறும். மூன்று பேர் சீட்டில் குண்டான ஆள் ஒருவர் வந்து உட்கார்ந்தால் ஓரத்தில் இருப்பவர் என்ன ஆவார் என்று பஸ்ஸில் போகிறவர்களுக்குத் தெரியும். போதாததற்கு, கல்லைப் பொறுக்கிக் கிளறிவிட்ட மேல்மண்ணை மழை அடித்துக்கொண்டு போக, அடியில் இருந்ததும் தலை காட்டிவிட்டது. கல்லோரத்துப் புல்லையும் காட்டினேன். அவரே குனிந்து ஒரு கொத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். முனியப்பனுக்குக் கல் எப்படியோ, அவருக்குப் புல் அப்படி இருந்தது, பிடியை விடவில்லை.

அவர் எழுந்து வெள்ளைச் சுவரைப் பார்த்தார். "அதில் ஒரு கல்கூடக் குறையலை, இல்லையா?" என்றார். பிறகு மாராயியிடம், "மாட்டை ஓட்டு. கல் இருந்துட்டுப் போகட்டும்" என்றார். மாராயி புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தன் மாட்டைத் தேடிப் போய்விட்டார். அன்றைக்குச் சாயங்காலம் பால் கறந்தார்கள். எங்களுக்கும் ஆளுக்கு ஒரு லோட்டா வந்தது.

கிளம்பும்போது ஸ்பெஷல் ஆபீசர் கல்வெட்டுப் பக்கம் போனார். குனிந்து, இரண்டு கையாலும் அதை நேராக்கப் பார்த்தார். பழக்க தோஷம். முனியப்பன் உடனே ஓடிப் போய் மறுபக்கம் பிடித்துக்கொண்டார்.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உண்மை உங்கள் பக்கம் இருக்கும்போது அவசரப்பட்டு அதை வாயால் செலவழிக்காதீர்கள். கேட்கிறவர் தானாகக் கேட்கும் இடம் வரை அவரை நடத்திக்கொண்டு போங்கள். அங்கே போனதும் அவர் உட்கார்ந்து சிரிக்க ஒரு கல் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். தோற்றவனாக நிற்க வைத்தால் எந்த அதிகாரியும் உத்தரவை மாற்ற மாட்டார்.

கதை அங்கே முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். கொஞ்ச நாள் கழித்து எங்கள் ஆபீசுக்கு ஒரு டிரங்க் கால் வந்தது. ஸ்பெஷல் ஆபீசர்தான்.

"ரிப்போர்ட்ல, கற்கள் தாமாகவே மேலே வந்தவைன்னு எழுதியிருந்தேன். மெட்ராசிலிருந்து பெரிய அதிகாரி கூப்பிட்டார். விளக்கிச் சொன்னேன்." கொஞ்சம் நிறுத்தினார். "தருமபுரியில வெயில் அதிகம், கொஞ்ச நாள் லீவு போட்டு ரெஸ்ட் எடுங்கன்னுட்டார்."

நான் சிரிப்பு வெளியே வராதபடி உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"நாளைக்கு அவரே நேர்ல வர்றார். காட்டை மூடலாமான்னு அவர் முடிவு பண்ணுவாராம். நீங்க கண்டிப்பா இருக்கணும்" என்றார். வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. "அந்த முனியப்பனும் இருக்கட்டும்."

அன்றைக்கே ரஹீம் பாயோடு ஊருக்குப் போனேன். மாராயி வீட்டு வாசலில் எல்லோரும் கூடினார்கள். மெட்ராசிலிருந்து இன்னும் பெரிய ஆள் வருகிறார், மறுபடி காட்டுக்கு ஆபத்து என்றதும் முகங்கள் எல்லாம் தொங்கிவிட்டன. முனியப்பன் மட்டும் தன் வீட்டுக்குப் போய், துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையை வாரி, நாளைக்கு வர வேண்டியவர் இன்றைக்கே தயாராக வந்து நின்றார்.

"வர்றேனுங்க மண்ணு சார்" என்றார். "இந்த தபா ஒத்துக்கணுமா, வேணாமா, அத மட்டும் இப்பவே சொல்லிடுங்க."